பசியைக் கணக்கிடும் கன்சல்டன்ட்டாவது எப்படி?

வேளாண்மை, பொருளாதாரம், புள்ளியியல், ஊட்டச்சத்து, சமூகப்பணி என்று ஏதோ ஒன்றில் முதுகலை முடித்துவிட்டு "யுஎன்ல வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நிரந்தர வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. கன்சல்டன்ட்டாக நுழைவதற்கு வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அனாலிசிஸ், அதை ஒட்டிய நிவாரணத் திட்டமிடல் இரண்டும் அப்படி ஆள் எடுக்கும் துறைகள். உலக உணவுத் திட்டம் எனும் டபிள்யூஎஃப்பி, ஐநாவின் உணவு, வேளாண் அமைப்பான எஃப்ஏஓ, யுனிசெஃப், பெரிய தொண்டு நிறுவனங்கள் எல்லாமே இந்த வேலைக்கு வெளியாட்களைக் குறுகிய கான்ட்ராக்டில் எடுக்கின்றன.

சந்தை நிலவரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியப் பஞ்சத்தை அடுத்து 1985இல் அமெரிக்கா தொடங்கிய முன்னெச்சரிக்கை அமைப்பு ஃப்யூஸ் நெட். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியதும் அது அப்படியே நின்றுபோனது. மறுபடி மூச்சுவிடச் சில மாதங்கள் ஆயின. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டும் தன் கணக்கை முடித்துக்கொண்டது. இருபது வருட அனுபவம் உள்ளவர்கள் இன்று உங்களோடு அதே க்யூவில் நிற்கிறார்கள். இன்னொரு பக்கம், 2024இல் 53 நாடுகளில் 29.5 கோடிப் பேர் கடுமையான உணவுப் பற்றாக்குறையில் இருந்ததாக உணவு நெருக்கடிகள் பற்றிய உலக அறிக்கை சொன்னது. தேவை கூடிவிட்டது, காசு சுருங்கிவிட்டது. அதனால் குறைந்த நாளில், குறைந்த ஆளை வைத்து, எதிர்க்கேள்விக்குத் தாக்குப்பிடிக்கும் எண்ணைத் தருபவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஆளாக ஆவதற்கான வழி இது.

1. எதை விற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"பசியை ஒழிக்க வேண்டும் என்ற பேரார்வம்" என்று கவர் லெட்டரில் எழுதாதீர்கள். விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் அது இருக்கிறது. உங்களை எடுக்கும் ப்ரோக்ராம் மேனேஜருக்குத் தேவை ஆறு பதில்கள்: எத்தனை பேர், எந்த மாவட்டத்தில், எவ்வளவு மோசமாக, ஏன், எந்த மாதம் வரை, என்ன செய்தால் மாறும். முதல் ஐந்தையும் சொல்பவர்கள் பலர். ஆறாவதையும் சேர்த்துச் சொல்லும் ஆள் குறைவு. அனாலிசிஸ் தெரிந்தவருக்கு லாரிக் கணக்கு தெரிவதில்லை, லாரிக் கணக்கு தெரிந்தவருக்கு சாம்பிளிங் புரிவதில்லை. இரண்டிலும் கால் வைத்திருந்தால் உங்கள் ரேட்டை நீங்களே சொல்லலாம்.

2. அடிப்படை இண்டிகேட்டர்கள் தூக்கத்திலும் வர வேண்டும்

இன்டர்வியூவில் நேரடியாகவே கேட்பார்கள். ஃபுட் கன்சம்ப்ஷன் ஸ்கோர், அதாவது எஃப்சிஎஸ், என்பதை எடுத்துக்கொள்வோம். கடந்த ஏழு நாளில் எட்டு உணவு வகைகளை எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று கேட்டு, வகைக்கு ஒரு வெயிட்டால் பெருக்கிக் கூட்டுவது. தானியத்துக்கு 2, பருப்புக்கு 3, காய்க்கும் பழத்துக்கும் தலா 1, மீன்-முட்டை-இறைச்சிக்கு 4, பாலுக்கு 4, எண்ணெய்க்கும் சீனிக்கும் அரை.

கணக்குக்காக இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டக் குடும்பம். சோறும் ரொட்டியும் ஏழு நாளும்: 14. பருப்பு மூன்று நாள்: 9. காய், கீரை நாலு நாள்: 4. மீன் ஒரு நாள்: 4. எண்ணெய் ஏழு நாள்: 3.5. சீனி ஏழு நாள்: 3.5. பழமும் பாலும் பூஜ்யம். மொத்தம் 38.

இந்தக் குடும்பம் பரவாயில்லையா, கஷ்டத்தில் இருக்கிறதா? வழக்கமான அளவுகோலில் 35க்கு மேல் போனால் 'ஏற்கத்தக்க' நிலை. எண்ணெயும் சீனியும் அன்றாடம் புழங்கும் இடங்களுக்கு வேறு அளவுகோல் உண்டு. அதில் 42ஐத் தாண்ட வேண்டும். அதே குடும்பம், அதே வாரம், அதே 38. ஒரு அளவுகோலில் உதவிப் பட்டியலுக்கு வெளியே, இன்னொன்றில் விளிம்பு நிலையில். எந்தக் கட்-ஆஃபை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதாத கன்சல்டன்ட்டை இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

இன்னும் கிட்டே போனால் வேறு ஒன்று தெரியும். அந்த வீட்டில் காலையில் டீயில் ஒரு கரண்டி பால் விழுகிறது. சம்பலில் ஒரு சிட்டிகை மாசிக் கருவாடு இருக்கிறது. சுவைக்காகச் சேர்க்கும் இந்தச் சிறு அளவை பால் என்றோ மீன் என்றோ எண்ணக் கூடாது என்பதுதான் விதி. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் எனுமரேட்டர் அவசரத்தில் இரண்டையும் ஏழு நாள் என்று தட்டிவிட்டால்? பாலுக்கு 28 ஏறும், மீன் 4இலிருந்து 28 ஆகும். மொத்தம் 90. டேப்லட்டில் இரண்டு தவறான தட்டல், ஒரு ஏழைக் குடும்பம் கனவான் வீடாகிவிடும். இதைப் பிடிப்பதற்கு ஆர் புரோகிராமிங் தேவையில்லை. முதல் நாள் மாலையே எனுமரேட்டர் வாரியாகப் பாலும் மீனும் சராசரி எத்தனை நாள் என்று ஒரு டேபிள் போடுங்கள். ஒருவருடைய எண் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், மறுநாள் காலை வண்டி கிளம்பும் முன் அவரோடு தனியாகப் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் அவர் அடுத்த நாளிலிருந்து எண்ணைச் 'சரி'யாக ஜோடித்துக் கொடுக்க ஆரம்பிப்பார். அது இன்னும் மோசம்.

எஃப்சிஎஸ்ஸோடு நிற்காதீர்கள். ஸ்கோர் நன்றாக இருந்து, கடன் வாங்கிச் சாப்பிடுவதையும் பெரியவர்கள் பட்டினி கிடந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதையும் அளக்கும் ஆர்சிஎஸ்ஐ எகிறினால், அந்த வீடு தம் கட்டிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். நகை அடகுக்குப் போயிற்றா, நிலம் விற்றாயிற்றா, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை நின்றுவிட்டதா என்பது அடுத்த அடுக்கு. குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 125 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் என்ன, 115க்குக் கீழே என்றால் என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

3. டூல்கள்

கோபோ டூல்பாக்ஸில் படிவம் கட்டத் தெரிய வேண்டும். ஆர் அல்லது ஸ்டாட்டா, இரண்டில் ஒன்று. க்யூஜிஐஎஸ்ஸில் மாவட்ட வரைபடம். எக்செல் பிவட் டேபிளைப் பற்றிச் சொல்லத் தேவையே இல்லை. எஃப்ஏஓவின் இ-லேர்னிங் அகாடமியில் கோர்ஸ்கள் இலவசம். முடித்தவற்றை சிவியில் ஒரே வரியில் போடுங்கள், பதினைந்து சர்ட்டிஃபிகேட்டை அடுக்காதீர்கள்.

4. ஐபிசி அறைக்குள் எப்படி உட்காருவது

நம் ஊரில் ஐபிசி என்றால் 2024 வரை நடப்பில் இருந்த தண்டனைச் சட்டம். இந்தத் துறையில் அது உணவு நெருக்கடியை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கும் முறை, 2004இல் சோமாலியாவில் உருவானது. மூன்றாம் கட்டம் 'நெருக்கடி', நான்காவது 'அவசரநிலை', ஐந்தாவது 'பேரழிவு' அல்லது 'பஞ்சம்'. ஒரு பகுதியில் பஞ்சம் என்று சொல்ல மூன்று கோடுகளைத் தாண்ட வேண்டும்: ஐந்தில் ஒரு வீட்டில் உணவே ஏறக்குறைய இல்லாத நிலை, குழந்தைகளில் 30 சதவீதத்துக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, பத்தாயிரம் பேரில் நாளுக்கு இரண்டு மரணம்.

இது ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முடிக்கும் வேலையில்லை. அரசு அதிகாரி, யுஎன், தொண்டு நிறுவனம் எல்லோரும் ஒரே மேசையில் நாள்கணக்கில் உட்கார்ந்து, கருத்தொற்றுமைக்கு வந்து முடிவெடுப்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். எண் கூடினால் நிதி வரும் என்பவர் ஒருவர், எண் கூடினால் அரசுக்குத் தலைகுனிவு என்பவர் இன்னொருவர். சூடான் அரசு 2024 டிசம்பரில் இந்த ஏற்பாட்டிலிருந்தே விலகிக்கொண்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் டார்ஃபரின் ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்று உறுதியாகியிருந்தது. இவ்வளவு சூடான இடம் இது.

உங்களுக்கும் ஒரு சுயநலம் இருக்கட்டும்: அடுத்த வருடமும் உங்கள் பெயர் செல்லுபடியாக வேண்டும். அதற்கு ஒரே கேள்வியைக் கையில் வைத்திருங்கள். "எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறீர்கள்? எந்த மாதத்து டேட்டா?" யாரையும் எதிர்க்க வேண்டாம், குரலும் உயர வேண்டாம். இதே கேள்வியை எண்ணைக் கூட்டச் சொல்பவரிடமும் குறைக்கச் சொல்பவரிடமும் ஒரே தொனியில் கேளுங்கள். இரண்டாம் நாள் முடிவதற்குள் அறையில் உங்களைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்கள். மேசையில் பேசியது எல்லாமே அன்றிரவே ஆதாரத்தோடு எழுத்தில் ஏற வேண்டும்.

வருங்காலக் கணிப்பு சொல்லும்போது அனுமானங்களை வெளிப்படையாக எழுதுங்கள். 2022 செப்டம்பரில், அந்த ஆண்டு இறுதிக்குள் சோமாலியாவின் பைடோவா, புர்ஹகாபா பகுதிகளில் பஞ்சம் வரும் என்று கணித்தார்கள். உதவி பெருமளவில் போய்ச் சேர்ந்தது, பஞ்ச எல்லை தாண்டப்படவில்லை. "உங்கள் கணிப்பு பொய்த்துவிட்டதே" என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். 'உதவி கூடாவிட்டால்', 'மழை பொய்த்தால்' என்று முதலிலேயே எழுதிவைத்தவருக்குப் பதில் தயாராக இருக்கும். அதே சோமாலியாவில் 2010 கடைசியிலிருந்தே எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது. நிதி வெள்ளமாக வந்ததோ 2011 ஜூலையில் பஞ்சம் என்று அறிவித்த பிறகு. ஏறத்தாழ 2 லட்சத்து 58 ஆயிரம் பேர் மடிந்ததாகப் பின்னால் வந்த ஆய்வு கணக்கிட்டது. கணிப்பு அன்று சரியாகவே இருந்தது.

5. விவசாயக் காலண்டரைப் பார்க்காமல் டேட்டாவைத் தொடாதீர்கள்

அறுவடை முடிந்த வாரத்தில் சர்வே எடுத்தால் எல்லா வீட்டிலும் நெல் இருக்கும். இலங்கையில் பெரும்போக அறுவடை பிப்ரவரி, மார்ச். சிறுபோகம் ஆகஸ்ட், செப்டம்பர். எந்த மாதத்து எண்ணை எந்த மாதத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்று கவனிக்காத ரிப்போர்ட்டைத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர் முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவார்.

அதைவிட முக்கியம், யாருக்கு அந்தக் காலண்டர் பொருந்தும் என்பது. 2021இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டது. நவம்பரில் தளர்த்தினாலும் பெரும்போகம் அடிவாங்கிவிட்டது. 2022இல் அந்நியச் செலாவணி வறண்டு எரிபொருளும் இல்லாமல் போனது. அந்த ஆண்டு எஃப்ஏஓவும் டபிள்யூஎஃப்பியும் நடத்திய கூட்டு மதிப்பீடு 63 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம், உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாகச் சொன்னது. மிக மோசமாக அடிபட்டது தோட்டத் துறை. இத்தனைக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு நெல் வயலே கிடையாது. அவருக்கு நாள் கூலியும் கடை விலையும்தான் காலண்டர். நெல் விளைச்சல் மீண்டுவிட்டது என்று நாட்டு சராசரியைப் பார்த்து நிம்மதியடையும் அனலிஸ்ட் தோட்டத்து லயன் வீட்டில் இருக்கும் குடும்பத்தைத் தவறவிடுவார். 2023இல் நாட்டு எண்ணிக்கை 39 லட்சமாகக் குறைந்தபோதும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டிருக்க வேண்டும்: குறைந்தது யாருக்கு?

6. எண்ணை லாரியாகவும் ரூபாயாகவும் மாற்றுங்கள்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "பத்தாயிரம் பேருக்கு உதவி தேவை" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அடுத்த பாராவை நீங்கள் எழுதுங்கள். ஓர் ஆளுக்கு நாளுக்கு 2,100 கிலோ கலோரி என்பது திட்டமிடலின் தொடக்க எண். தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, சத்துமாவு 50, சர்க்கரை 15, உப்பு 5 என்று போட்டால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். கூட்டினால் 555 கிராம். பத்தாயிரம் பேர், முப்பது நாள்: 166.5 டன். பத்து டன் லாரியில் பதினேழு லோடு. மழைக்காலத்தில் பாலம் தாங்குமா, கிடங்கில் இடம் உண்டா, எண்ணெய் எந்தத் துறைமுகத்தில் இறங்கும்? இந்த மூன்று கேள்விகளோடு லாஜிஸ்டிக்ஸ் ஆளிடம் போய் நில்லுங்கள். அனலிஸ்ட் யாரும் அவரிடம் இப்படிப் போனதே இல்லை. அதன் பிறகு அவர் உங்கள் ஆள்.

பொருளா பணமா என்பது அடுத்த முடிவு. கடையில் அரிசி இருக்கிறது, வாங்கத்தான் காசு இல்லை என்றால் பணம் கொடுப்பது மலிவு, மரியாதையும்கூட. கடையே காலி என்றால் பணம் விலையை ஏற்றும். கொழும்பு விலைவாசிக் குறியீட்டில் உணவுப் பணவீக்கம் 2022 செப்டம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஒரு வருடத்துக்கு முன் நிர்ணயித்த ரூபாய்த் தொகை அப்போது ஏறக்குறைய பாதிப் பொருளைத்தான் வாங்கியிருக்கும். எனவே பணத் திட்டம் எழுதினால், விலை எத்தனை சதவீதம் ஏறினால் தொகையை மாற்றுவோம் என்று ஒரு ட்ரிகரையும் சேர்த்தே எழுதுங்கள். நிதி அதிகாரி முகம் சுளிப்பார், எழுதுங்கள்.

7. ரிப்போர்ட்டை யாரும் படிப்பதில்லை

எண்பது பக்க ரிப்போர்ட்டை ஒப்பந்தத்துக்காக எழுதுங்கள், இரண்டு பக்க ப்ரீஃபை உங்கள் எதிர்காலத்துக்காக எழுதுங்கள். கன்ட்ரி டைரக்டர் தூதரக மீட்டிங்குக்குக் காரில் போகும்போது படிப்பது அந்த இரண்டு பக்கத்தைத்தான். முதல் வாக்கியத்தில் எண், இடம், காலம். மூன்றாவது வாக்கியத்துக்குள் என்ன செய்ய வேண்டும். 'பன்முகக் காரணிகளின் சிக்கலான இடைவினை' போன்ற வாக்கியங்களை அடித்துவிடுங்கள்.

8. டிஓஆரைத் தாள் கிழியும் வரை படியுங்கள்

டிஓஆர் எனும் டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸில் 'மூன்று மாவட்டங்கள், 25 வேலை நாள், வீட்டு சர்வே, குழு விவாதம், இறுதி அறிக்கை, ஒரு ஒர்க்‌ஷாப்' என்று இருந்தால், அதை நாள் வாரியாக உடைத்து ஒரு தாளில் போடுங்கள். 25 நாளில் அடங்காது என்று தெரிந்தால் ப்ரப்போசலிலேயே சொல்லுங்கள். "சாம்பிளை இப்படிக் குறைத்தால் முடியும், இழப்பு இது" என்று மாற்றும் கொடுங்கள். தலையாட்டிவிட்டு நடுவழியில் கை விரிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து சலித்தவர்களுக்கு இது புதுக்காற்று. முந்தைய ரிப்போர்ட்டுகள் ரிலீஃப்வெப் இணையதளத்தில் பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும். போன முறை அங்கே என்ன ஓட்டை விழுந்தது என்று படித்துவிட்டு, அதை நீங்கள் எப்படி அடைப்பீர்கள் என்று ஒரு பாரா எழுதுங்கள். போட்டியாளர்களில் பாதிப் பேர் இதைச் செய்ய மாட்டார்கள்.

9. காசு விஷயம்

தினக் கட்டணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கன்சல்டன்ட்டுக்கு பென்ஷன் இல்லை, ஊழியருக்குக் கிடைக்கும் மெடிக்கல் சலுகை இல்லை, இரண்டு கான்ட்ராக்டுக்கு நடுவே வருமானமும் இல்லை. வரி, இன்ஷூரன்ஸ், லேப்டாப், காலி மாதங்கள் எல்லாவற்றையும் கூட்டிய பிறகே உங்கள் ரேட்டைச் சொல்லுங்கள். இது கையில் காசு வாயில் தோசை வியாபாரமும் இல்லை. டெலிவரபிளை ஏற்றுக்கொண்டால்தான் தவணை விடுவிப்பார்கள். டிராஃப்டுக்கு ஆறு பேர் ஆறு வாரம் தனித்தனியாகக் கமென்ட் அனுப்பினால் கடைசித் தவணை அந்தரத்தில் தொங்கும். 'எல்லாக் கருத்துகளும் ஒரே ஆவணமாக, பத்து வேலை நாளுக்குள்' என்று வேலையின் தொடக்கத்தில் கொடுக்கும் இன்செப்ஷன் ரிப்போர்ட்டிலேயே போட்டு ஒப்புதல் வாங்குங்கள். முதல் தவணையை இன்செப்ஷன் ரிப்போர்ட்டோடு பிணைத்துவிடுங்கள். டிக்கெட்டுக்கு உங்கள் கைக்காசை முடக்காதீர்கள்.

10. அனுபவமே இல்லாதவர்கள்

சென்னையிலேயே தொடங்கலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் டபிள்யூஎஃப்பியும் சேர்ந்து கிராமப்புற இந்தியாவின் உணவுப் பாதுகாப்பின்மை வரைபடத்தை 2001இலேயே வெளியிட்டன. இந்த வேலைக்கு நம் ஊரில் ஒரு பரம்பரையே உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று டேட்டாவை எடுங்கள். இரண்டு மாவட்டங்களை ஒப்பிட்டு, வரைபடத்தோடு நாலு பக்கம் எழுதுங்கள். சிவியோடு அதையும் அனுப்புங்கள். 'அனுபவம் இல்லை' என்ற கட்டத்தை அது பாதி நிரப்பிவிடும். அடுத்ததாக எனுமரேட்டராகவோ சூப்பர்வைசராகவோ ஒரு சர்வேயில் வெயிலில் நடங்கள். டேட்டா எங்கே கெடுகிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. இலங்கைத் தமிழர்களுக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருந்தால் நேஷனல் கன்சல்டன்ட் இடங்களில் பெரிய பலம். அந்த இடம் பெரும்பாலும் அந்த நாட்டுக் குடிமக்களுக்கானது, தமிழ்நாட்டுக்காரர்கள் அதற்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இன்டர்நேஷனல் சந்தையில் நம்மிடம் இல்லாதது பிரெஞ்சும் அரபியும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஐபிசிக்குப் பதிலாக காட்ர் ஹார்மொனிசே என்ற முறைதான் நடக்கிறது, அதன் கூட்டங்கள் பெரும்பாலும் பிரெஞ்சில். இரண்டு வருடம் பிரெஞ்சு படித்தவருக்கு அங்கே போட்டி சட்டென்று குறையும்.

11. வேலை முடிந்த வாரம்

பலர் கடைசி ஃபைலை அனுப்பிவிட்டு அடுத்த விளம்பரத்தைத் தேடப் போய்விடுகிறார்கள். அந்த வாரம் மூன்று வேலை இருக்கிறது. சுத்தம் செய்த டேட்டாவையும் ப்ரோக்ராம் கோடையும் ஒரு குறிப்போடு அலுவலகத்திடம் ஒப்படையுங்கள், பெயர், போன் நம்பர், ஜிபிஎஸ் போன்ற அடையாளங்களை நீக்கிவிட்டு. சூப்பர்வைசரிடம் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அவர் வேறு நாட்டில் இருப்பார். உங்கள் எண்ணை வைத்து என்ன முடிவு எடுத்தார்கள் என்று ஒரு மெயில் போட்டு விசாரியுங்கள். பதில் வந்தால் சிவியில் 'அறிக்கை எழுதினேன்' என்ற வரியை எடுத்துவிட்டு அந்த முடிவை எழுதுங்கள்.